மாறுகண்ணை உங்கள் செல்போன் கண்டுபிடிக்கும், தெரியுமா?

சுவாமிமலையில் ஒரு காதுகுத்து. அறுபது படி ஏறி வந்த களைப்பே இல்லாமல் சொந்தபந்தம் மொத்தமும் குழந்தையைச் சுற்றி நிற்கிறது. மாமன் மடியில் மொட்டைத் தலை, சந்தனம், அழத் தயாராகிவிட்ட உதடு. ஆளுக்கொரு செல்போன் மின்னுகிறது. சாயங்காலத்துக்குள் அந்தப் படங்கள் கும்பகோணம், திருப்பூர், துபாய், சிங்கப்பூர் என்று குடும்ப வாட்ஸ்அப் குழு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் படம் ஒவ்வொன்றிலும் ஒரு கண் பரிசோதனையே நடந்து முடிந்து, அதன் விடையும் பதிவாகியிருக்கிறது, தெரியுமா?

நம்பிக்கை வரவில்லையா? உங்கள் போனில் குழந்தை நேராகக் கேமராவைப் பார்க்கும் படம் ஒன்றை எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு கருவிழியிலும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டுத் திரும்பிய இடம் அது. இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே மாதிரி, ஏறத்தாழ நட்ட நடுவில் விழுந்திருந்தால் கண்கள் சேர்ந்து பார்க்கின்றன. ஒன்றில் நடுவிலும் மற்றொன்றில் காதுப் பக்கம் ஒதுங்கியும் இருந்தால், அந்தக் கண் மூக்கை நோக்கித் திரும்பியிருக்கிறது. மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தால் கண் வெளியே விலகியிருக்கிறது. அதுதான் மாறுகண்!

இதைக் கண்டுபிடித்தது செல்போன் கம்பெனிக்காரர்கள் இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர் ஜூலியஸ் ஹிர்ஷ்பெர்க், 1880களில், ஒரு மெழுகுவர்த்திச் சுடரை வைத்துக்கொண்டு செய்தது. புள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் கண் சுமார் 7 டிகிரி திரும்பியிருக்கிறது என்று கணக்குச் சொன்னார். பிறகு வந்தவர்கள் படம்பிடித்து அளந்து, அது 12 டிகிரிக்குப் பக்கத்தில் வரும் என்று திருத்தினார்கள். இதே ஹிர்ஷ்பெர்க்தான் 1879இல் கண்ணுக்குள் பாய்ந்த இரும்புத் துண்டை மின்காந்தத்தை வைத்து இழுத்து எடுத்தவர்! அவருடைய மெழுகுவர்த்திச் சோதனையை இன்றைக்கும் கண் டாக்டர்கள் பேனா டார்ச்சை வைத்துச் செய்கிறார்கள். மாறுகண்ணைக் கண்டறியப் போனில் போடும் செயற்கை நுண்ணறிவுச் செயலியும் அடிப்படையில் அதையேதான் செய்கிறது.

எப்படி என்று கேட்டால்தான் ஆச்சரியம் கூடுகிறது. படத்தில் முகத்தைக் கண்டுபிடிக்கிறது. பிறகு இமை ஓரத்தை, பிறகு கருவிழியின் வட்டத்தை, அதற்குள் கண்மணியை, அதன்மேல் விழுந்த வெள்ளைப் புள்ளியை. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில். ஆனால் படத்தில் தெரியும் தூரத்தை மில்லிமீட்டராக மாற்ற ஓர் அளவுகோல் வேண்டுமே? குழந்தை கையில் யாரும் ஸ்கேல் கொடுத்து உட்கார வைப்பதில்லை. அளவுகோல் கண்ணிலேயே இருக்கிறது! மனிதக் கருவிழியின் குறுக்களவு, குள்ளமானவரோ நெட்டையானவரோ, நம் ஊரோ நார்வேயோ, கிட்டத்தட்ட எல்லோருக்கும் 11.7 மில்லிமீட்டர்தான், அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். பிறக்கும்போது 10 மில்லிமீட்டர் அளவில் இருப்பது இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய முழு அளவுக்கு வந்துவிடுகிறது. உடம்பில் இவ்வளவு சீக்கிரம் வளர்ந்து முடிக்கும் பாகங்கள் மிகக் குறைவு. இந்த ஒற்றைச் சங்கதியை வைத்து, முகம் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சாதாரண செல்போனே சொல்லிவிடும் என்று 2020இல் கூகுள் செய்து காட்டியது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தில் காங் லுவோவும் ஸ்ரீநிவாஸ் புண்ட்லிக்கும் குழுவினரும் உருவாக்கிய 'ஐடர்ன்' என்ற செயலி இப்படித்தான் கண் திரும்பிய கோணத்தைப் போனிலேயே அளக்கிறது. சீனாவில் 2021இல் வெளியான ஓர் ஆய்வில், நேராகப் பார்க்கும் குழந்தைகளின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முகப் படங்களைக் கொடுத்துக் கணினிக்குப் பழக்கினார்கள். பயிற்சியிலிருக்கும் கண் டாக்டர்களைவிட அது சரியாகச் சொன்னது!

அதையும் மிஞ்சியது குவாங்சோ நகரின் சோங்ஷான் கண் மருத்துவமனையில் நடந்தது. நான்கு வயதுக்குட்பட்ட 3,652 குழந்தைகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2023இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. குழந்தை போனில் கார்ட்டூன் பார்க்கிறது. போன் குழந்தையைப் பார்க்கிறது! கண் எங்கே போகிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, முகம் எப்போது சுளிக்கிறது என்று முன்பக்கக் கேமரா பதிவு செய்ய, மாறுகண், பிறவிக் கண்புரை உட்படப் பதினாறு வகைக் கோளாறுகளின் சாடையை அதிலிருந்து பிடிக்கிறார்கள். எழுத்துப் பலகையைக் காட்டி "இது என்ன எழுத்து?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத வயது அது. அந்த வயதில் பார்வையைச் சோதிக்க முடியாமல் திண்டாடிய காலம் மலையேறுகிறது.

ஒரு கண்ணை இழுக்க ஆறு பேர்

நமது ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்து நிற்கின்றன, தெரியுமா? சாரங்கபாணி கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்கும் இரண்டு பக்கமும் ஒரே வலுவில் இழுத்தால்தான் தேர் தெருவின் நடுவில் போகும். ஒரு பக்கம் தளர்ந்தால் வீட்டுத் திண்ணையை நோக்கித் திரும்பிவிடும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு தசை. அவற்றுக்கு உத்தரவு கொண்டுவர மூளையிலிருந்து பக்கத்துக்கு மூன்று நரம்புகள். அதில் ஒரு தசை மூக்கோரத்தில் இருக்கும் குருத்தெலும்பு வளையத்துக்குள் நுழைந்து, வளைந்து திரும்பி வந்து கண்ணைப் பிடிக்கிறது! அந்தத் தசை தளர்ந்த குழந்தைகள் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே பார்ப்பார்கள். கழுத்துச் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்போம்; கோளாறு இருப்பது கண்ணில்.

உலகம் முழுக்க நூறு குழந்தைகளில் இரண்டு முதல் நான்கு பேருக்கு மாறுகண் இருக்கிறது. ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்தாலும், அந்தப் பள்ளியில் ஒரு குழந்தையாவது இருக்கும்.

மூளை செய்யும் காரியம்

இனி வருவதுதான் என் உறக்கத்தைக் கெடுக்கும் செய்தி. கண் திரும்பிய குழந்தைக்கு இரண்டு கண்ணும் இரண்டு வேறு படத்தை அனுப்புகின்றன. பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரிய வேண்டும். ஆனால் குழந்தை ஒரு நாளும் அப்படிச் சொல்வதில்லை. ஏன் தெரியுமா? குழந்தையின் மூளை அந்தக் குழப்பத்தைப் பொறுக்காமல், திரும்பிய கண் அனுப்பும் படத்தை அப்படியே தள்ளிவிடுகிறது! கண் நன்றாக இருக்கும், விழித்திரை நன்றாக இருக்கும், நரம்பும் நன்றாக இருக்கும். மூளை மட்டும் அதைக் கேட்காது. மாதங்கள் ஆக ஆக அந்தக் கண்ணின் பார்வை மங்கிக்கொண்டே போகும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள்.

மூளை பார்க்கப் பழகும் இந்தக் குழந்தைப் பருவம் எவ்வளவு முக்கியமானது என்பதைப் பூனைக்குட்டிகளை வைத்து ஆராய்ந்து சொன்ன டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் இருவருக்கும் 1981இல் நோபல் பரிசே கிடைத்தது. குட்டிப் பருவத்தில் சில வாரங்கள் ஒரு கண்ணை மூடி வைத்தாலே, பிறகு திறந்தாலும் மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அவர்கள் காட்டினார்கள்.

மனிதக் குழந்தைக்கு நல்ல வேளையாக அவகாசம் அதிகம். ஏழு வயதுக்குள் கவனித்துவிட்டால் பெரும்பாலும் பலன் கிடைக்கும். சிகிச்சையும் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமை: நன்றாகப் பார்க்கும் கண்ணை ஒட்டுத்துணியால் தினம் சில மணி நேரம் மூடுவது! வேறு வழியில்லாமல் மூளை மற்றக் கண்ணைப் பயன்படுத்தப் பழகுகிறது. சில குழந்தைகளுக்கு அதுகூட வேண்டாம். தூரப்பார்வைக் கோளாறால் கண் உள்ளே திரும்பும் குழந்தைக்குச் சரியான கண்ணாடியைப் போட்டாலே கண் நேராக வந்து நிற்கும். வயது தாண்டினால் முன்னேற்றம் இல்லவே இல்லை என்றில்லை. ஆனால் பாடு அதிகம், பலன் குறைவு.

அதிர்ஷ்டம் என்ற பூட்டு

இவ்வளவு இருந்தும் குழந்தைகள் ஏன் டாக்டரிடம் வருவதில்லை? நம் வீடுகளில் அப்பாயி என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். "மாறுகண்ணு வீட்டுக்கு அதிர்ஷ்டம்டி, சும்மா விடு. வளர வளரச் சரியாயிடும்." மருமகள் என்ன சொல்ல முடியும்? பேரப்பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கும் மனுஷி சொல்கிறார். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் இரண்டு வருடம் போய்விடுகிறது. பள்ளிக்குப் போனால் அதிர்ஷ்டம் என்றவர்கள் யாரும் கூட வருவதில்லை. 'ஒன்றரைக் கண்' என்ற பட்டப்பெயர்தான் கூட வருகிறது. சினிமா அதை வைத்துச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பெண் பிள்ளையென்றால் கல்யாணப் பேச்சு வரும்போதுதான் கண்ணைப் பற்றிய கவலையே தொடங்குகிறது. அப்போது அறுவை சிகிச்சையால் கண்ணை நேராக்கிவிடலாம். தொலைந்த பார்வையை அப்படி மீட்க முடியாது.

வளர வளரச் சரியாகும் என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. பிறந்த குழந்தையின் கண்கள் முதல் மூன்று நான்கு மாதம் அவ்வப்போது அலைபாயும், அது இயல்பு. மூக்குத்தண்டு அகலமாக இருக்கும் குழந்தைகளுக்குக் கண் நேராக இருந்தும் மாறுகண் போலத் தெரியும். மூக்கு எழும்ப எழும்ப அந்தத் தோற்றம் மறைந்துவிடும். இதைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு வந்திருக்க வேண்டும். உண்மையான மாறுகண்ணையும் பொய்த் தோற்றத்தையும் எப்படிப் பிரிப்பது? அதே வெள்ளைப் புள்ளிதான் சாட்சி! பொய்த் தோற்றத்தில் புள்ளிகள் இரண்டும் ஒத்த இடத்தில் நிற்கும்.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன், நம் வயல்காட்டு வெயிலுக்குப் பொருத்தமானது. வீட்டுக்குள் சரியாக இருக்கும் குழந்தை, வெயிலில் இறங்கியதும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறதா? விட்டுவிட்டு வெளிப்பக்கம் விலகும் மாறுகண்ணின் முக்கியமான அறிகுறி அது. களைப்பாக இருக்கும்போதும், காய்ச்சலின்போதும், எங்கோ வெறித்துப் பார்க்கும்போதும் மட்டும் கண் விலகும். டாக்டர் முன்னால் உட்கார வைத்தால் சமர்த்தாக நேராக நிற்கும்! இங்கேதான் செல்போன் கைகொடுக்கிறது. கண் விலகும் அந்த நேரத்தில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சிவப்பு நல்லது, வெள்ளை ஆபத்து

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிந்தால் படம் கெட்டுவிட்டது என்று அழிக்கிறோம். அழிக்காதீர்கள்! வெளிச்சம் தடையில்லாமல் விழித்திரைவரை போய்த் திரும்பியிருக்கிறது என்பதற்கு அந்தச் சிவப்பு அத்தாட்சி. ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ மின்னினால்தான் பதற வேண்டும். பிறவிக் கண்புரையாக இருக்கலாம். சின்னக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோயின் முதல் அறிகுறி இந்த வெள்ளை மினுமினுப்பு என்றால், அடுத்த அறிகுறி மாறுகண்!

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷாவின் மகனுக்கு இந்த நோய் வந்தது. பழைய படங்களைப் புரட்டிய தகப்பன், குழந்தை கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்தே அந்த வெள்ளை மினுமினுப்பு படங்களில் இருந்ததைக் கண்டார். அழுதுவிட்டு உட்காரவில்லை. போனில் உள்ள படங்களைத் தானே அலசும் ஒரு செயலியைச் சகாக்களுடன் சேர்ந்து உருவாக்கினார். 2019இல் வெளியான அவர்கள் ஆய்வில், இந்நோயோ வேறு கண் கோளாறோ இருந்த இருபது குழந்தைகளில் பதினாறு பேரின் பழைய படங்களில், டாக்டர் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக 1.3 வருடம் முன்பே அந்தச் செயலி அறிகுறியைக் காட்டிவிட்டது.

கண்ணை வரைந்து வைத்த ராஜா

கண்ணின் படத்தை வைத்து நோயைப் படிக்கும் வேலை கலிஃபோர்னியாவிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைக்கிறவர்கள், கும்பகோணத்தில் பஸ் ஏறி நாற்பது கிலோமீட்டர் தஞ்சாவூருக்குப் போய்வர வேண்டும். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் சிகிச்சையில் தோய்ந்தவர், தெரியுமா? அவருடைய தன்வந்திரி மகாலில் கண்நோயாளிகளுக்கு வைத்தியம் நடந்தது. கண்புரைக்கு அறுவையும் நடந்தது. வந்த நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார்கள். அதைவிடப் பெரிது, நோயுற்ற கண்ணை ஓவியரைக் கொண்டு வண்ணத்தில் வரைந்தும் வைத்தார்கள்! கேமரா புழக்கத்துக்கு வராத காலம். அந்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. கண்ணைப் படமாக்கு, பக்கத்தில் நோயை எழுது, அடுத்த நோயாளிக்கு அதைப் பார்த்துக் கற்றுக்கொள்: கணினிக்கு இன்று சொல்லிக்கொடுக்கும் முறையும் இதுதான். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் இந்த ஏடுகளைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காவிரிக்கரை எப்போதுமே கண்ணைக் கொண்டாடிய மண். வாமனர் தர்ப்பையால் குத்தியதில் கண்ணை இழந்த சுக்கிரன் பார்வையைத் திரும்பப் பெற்ற தலம் என்று சொல்லப்படும் திருவெள்ளியங்குடி கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் மேனி முழுவதும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் விக்ரகத்துக்குக் கண் திறப்பார்கள். இரண்டு விழியும் ஒரே நேரில் அமைய அவர்கள் எடுக்கும் கவனத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு, கண் நேராக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

மதுரையில் தொடங்கியது

கண்ணுக்குச் செயற்கை நுண்ணறிவு என்ற கதையில் தமிழ்நாட்டுக்கு முதல் வரிசை இருக்கை உண்டு! டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினோரு படுக்கையுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், டாக்டர் பத்ரிநாத் 1978இல் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் கூகுள் ஆராய்ச்சியாளர்களுடன் கைகோத்தன. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பதைக் கண்டுபிடிக்க 1,28,175 விழித்திரைப் படங்களை வைத்துக் கணினிக்குப் பயிற்சி அளித்து, 2016இல் வெளியிட்ட ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2019இல் அது நோயாளிகளிடையே நடைமுறைக்கு வந்தபோது, முதலில் வந்த இடம் மதுரை!

செல்போன் கேமராவுக்கும் இங்கே வேலை தொடங்கிவிட்டது. தமிழ்நாடு மின்னாளுமை முகமை உருவாக்கிய 'இ-பார்வை' செயலி, கண்ணைப் போனில் படம் எடுத்தால் கண்புரை இருக்கிறதா என்று சொல்கிறது. பாட்டியின் புரையைப் பார்க்கும் போன் பேரனின் மாறுகண்ணையும் பார்க்க வேண்டும். அங்கன்வாடிகளுக்கு வருடம் இரு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் செல்லும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு 2013 முதல் இருக்கிறது. அந்தக் குழுவின் கையில் இப்படி ஒரு செயலியைக் கொடுத்தால், எழுத்துத் தெரியாத மூன்று வயதுக் குழந்தையைக்கூட ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அரசு இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம்ப முடியாத இன்னும் மூன்று

மாறுகண்ணுக்கு முதல் வெற்றிகரமான அறுவை சிகிச்சை 1839இல் பெர்லினில் ஏழு வயதுச் சிறுவனுக்கு நடந்தது. செய்தவர் டீஃபன்பாக். மயக்க மருந்து அறுவைக்கூடத்துக்கு வராத காலம் அது! இன்று குழந்தை தூங்கி எழும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

நடிகர் நடிகைகள் முகச்சுருக்கம் போகப் போட்டுக்கொள்ளும் போடாக்ஸ் ஊசி முதலில் எதற்கு வந்தது தெரியுமா? மாறுகண்ணுக்கு! சான்பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட், கண்ணை அதிகமாக இழுக்கும் தசையைத் தளர்த்தவே அதைக் கொண்டுவந்தார். 1989இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததும் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். அழகுக்கலை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சூசன் பேரி என்ற நரம்பியல் பேராசிரியர் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே மாறுகண்ணோடு வளர்ந்தவர். அவருக்கு உலகம் ஒரு தட்டையான படமாகவே தெரிந்தது. கண் பயிற்சிகளுக்குப் பிறகு 48 வயதில் ஒரு நாள், காரின் ஸ்டியரிங் டேஷ்போர்டிலிருந்து விலகித் தனியாக மிதந்து நிற்பதைக் கண்டார். முதன்முறையாக ஆழம் தெரிந்தது! பனி பெய்தபோது தான் பனித்துளிகளுக்கு நடுவே நிற்பதை உணர்ந்து மகிழ்ந்தார். நமக்கு இது தினமும் சும்மா கிடைக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

குழந்தையை மடியில் நேராக உட்கார வையுங்கள். அறை வெளிச்சம் மிதமாக இருக்கட்டும். ஒரு கை நீளத்துக்குச் சற்றுத் தள்ளி, குழந்தையின் கண் மட்டத்தில் போனைப் பிடித்து, ஃபிளாஷ் போட்டு, குழந்தை கேமராவையே பார்க்கும்போது எடுங்கள். கண்ணின் சிவப்பை மறைக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள். முகம் திரும்பியிருந்தால் புள்ளியும் ஏமாற்றும். ஆகவே நான்கைந்து படம் எடுத்துப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். போனும் செயலியும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். முடிவு சொல்வது டாக்டர். ஒளிந்திருக்கும் மாறுகண்ணை ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். படம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பெரியவர்களுக்குத் திடீரென்று கண் திரும்பி எல்லாம் இரட்டையாகத் தெரிந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோய் இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான்கு மாதம் தாண்டியும் கண் விலகினாலும், கண்மணியில் வெள்ளை மின்னினாலும், வெயிலில் ஒரு கண்ணை மூடினாலும் காத்திருக்க வேண்டாம். கும்பகோணத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, தஞ்சையில் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனையின் கண் பிரிவு இருக்கிறது. எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் மூன்று வயதில் ஒரு முறை, பள்ளியில் சேர்க்கும்போது ஒரு முறை குழந்தையின் கண்ணைக் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.